சோடா விற்ற பையனும் என் அக்கா மகனும்

ராத்திரி பத்தரை மணிக்கு முத்துப்பேட்டையிலிருந்து அக்கா போன் பண்ணினால், ஒன்று யாருக்காவது உடம்பு சரியில்லை, அல்லது பம்ப்செட் மோட்டாரில் காயில் போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டும் இல்லை.

"தம்பி, நாளைக்குக் காலையில கிளம்பி வா. இவன் துபாய்க்குப் போவமாட்டானாம். மெட்ராஸுக்குப் போயி பந்து ஆடப் போறானாம்."

"நல்லதுதானே அக்கா?"

"நீ ஏன் பேசமாட்டே? அங்க உங்க அத்தான் அல்லும் பகலும் அலைஞ்சு விசா வாங்கி வச்சிருக்காரு. 'பந்து சோறு போடுமா?'ன்னு கேக்குறாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நீதான் பி.காம். படிச்சவன். வந்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு. ஆடினா லாபமா, துபாய் போனா லாபமான்னு."

பி.காம். படித்து இத்தனை வருஷத்தில் என்னை நம்பி ஒருவர் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலையிலேயே தஞ்சாவூரில் பஸ் ஏறிவிட்டேன்.

விஷயம் இதுதான். அத்தான் பதினெட்டு வருஷமாக துபாயில் ஏ.சி. மெக்கானிக். மகனுக்கு அங்கேயே ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மகனோ பி.காம். கடைசி பரீட்சை எழுதிவிட்டு, காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரே ஒரு அரியரோடு (பரம்பரைச் சொத்து, தாய்மாமன் வழி) ஊரில் பந்து உதைத்துக்கொண்டிருக்கிறான். சென்னையில் ஒரு அணி ஆள் எடுக்கிறது, வந்து ஆடிக் காட்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தேர்வு நாளும் துபாய் கம்பெனியின் இன்டர்வியூவும் ஒரே வாரத்தில்.

வீட்டுக்குள் நுழைந்தால், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மஞ்சள் பனியன் போட்ட ஓர் ஆள் போஸ்டரில் முறைத்துக்கொண்டு நின்றார். ஆறடி ஐந்தங்குலம். கொண்டை வேறு.

"இவருதான் காரணம்" என்றாள் அக்கா. "பேரு இப்ராகிமாம். நான் நம்ம கடைத்தெரு இப்ராகிம் பாய்க்கு ஏதும் சொந்தமோன்னு நினைச்சேன்."

சொந்தம் இல்லை. அவர் ஸ்லாட்டான் இப்ராஹிமோவிச். ஸ்வீடன்காரர்.

ஸ்வீடன் கதை

"மாமா, இவரு கதை தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தான் மருமகன். கணக்குப் பாடத்தில் ஒரு வரி ஒப்பிக்க வராத பயல், இதை மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

1981-ல் மால்மோ நகரத்தில் பிறந்தவர். அப்பா போஸ்னியாவிலிருந்தும், அம்மா குரோஷியாவிலிருந்தும் பிழைப்புக்காக ஸ்வீடனுக்கு வந்தவர்கள். அப்பாவுக்குக் கட்டடப் பராமரிப்பு வேலை, அம்மாவுக்குத் துப்புரவு வேலை. வளர்ந்தது ரோசன்கார்ட் என்ற, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் வசிக்கும் பேட்டை. சின்ன வயசில் சைக்கிள் திருடியதை அவரே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். 1999-ல் உள்ளூர் மால்மோ அணி, 2001-ல் ஹாலந்தின் அயாக்ஸ், அப்புறம் யுவென்டஸ், இன்டர் மிலன், பார்சிலோனா, ஏ.சி. மிலன், பாரிஸ், மான்செஸ்டர், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று ஊர் ஊராக கோல் போட்டார். ஸ்வீடனுக்காக 122 ஆட்டத்தில் 62 கோல். 2012 நவம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு கோல். அதில் நாலாவது, கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறத்தாழ முப்பது கெஜ தூரத்திலிருந்து அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டு அடித்தது. 2017-ல் முழங்கால் தசைநார் கிழிந்தது. 35 வயசு. ஆள் முடிந்தார் என்றார்கள். ஏழு மாசத்தில் திரும்பி வந்து, 2023 ஜூனில் 41 வயசில்தான் பந்தை விட்டார்.

"சிலை வச்சிருக்காங்க மாமா அவருக்கு!"

"வச்ச சிலையை உடைச்சதையும் சொல்லு" என்றேன். 2019 அக்டோபரில் மால்மோவில் சிலை திறந்தார்கள். அடுத்த மாசமே அவர் எதிரி அணியான ஸ்டாக்ஹோம் ஹம்மர்பியில் பங்கு வாங்கிவிட்டார் என்று கோபப்பட்ட ரசிகர்கள், சிலையின் மூக்கை அறுத்து, கடைசியில் கணுக்காலையும் அறுத்துக் கீழே தள்ளினார்கள். சிலை வைப்பதிலும் உடைப்பதிலும் நாம்தான் உலகத்துக்கே முன்னோடி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"மாப்ளே, ஸ்வீடன்ல தெருவுக்குத் தெரு கிளப் இருக்கும். எட்டு வயசுப் பையனுக்கே கோச் இருப்பாரு. உனக்கு முத்துப்பேட்டையில என்ன இருக்கு?"

"அவரும் கஷ்டப்பட்ட குடும்பம்தானே மாமா?"

"கஷ்டப்பட்ட குடும்பம்தான் தகுதின்னா, அதுக்கு எதுக்கு ஸ்வீடன் வரைக்கும் போறே? பாலக்காட்டைத் தாண்டினா திருச்சூர். அங்க ஒருத்தர் இருக்காரு. உனக்கே தெரிஞ்ச ஆள்தான். ஐ.எம். விஜயன்."

மருமகன் யோசித்தான். "யாரு... 'பிகில்' படத்துல வருவாரே, ரவுடி?"

ரவுடி அல்ல, சார்

இதுதான் நம் லட்சணம். 2006-ல் வந்த 'திமிரு', 2015-ல் வந்த 'கொம்பன்', 2019-ல் வந்த 'பிகில்' என்று தமிழ்ப் படங்களில் முறைத்துக்கொண்டு நிற்கிற அந்தக் கறுப்பு மனிதரை எல்லோருக்கும் தெரியும். அவர் இந்தியக் கால்பந்து அணியின் கேப்டனாக இருந்தவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 'பிகில்' கால்பந்தைப் பற்றிய படம். நாட்டிலேயே மிக நன்றாகப் பந்து ஆடிய மனிதரைக் கூப்பிட்டு, பந்தைக் கண்ணில் காட்டாமல் கையில் அரிவாளைக் கொடுத்தோம்!

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து மருமகனுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1969 ஏப்ரலில் திருச்சூரில் பிறந்தவர் விஜயன். பரம ஏழைக் குடும்பம். அப்பா ஒரு விபத்தில் இறந்துபோனார். அம்மா தெருவில் பழைய சாமான் பொறுக்கி விற்றுக் குடும்பத்தை ஓட்டினார். பையன் என்ன செய்வான்? திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் மேட்ச் நடக்கும்போது சோடா விற்றான். ஒரு பாட்டிலுக்கு 10 பைசா கிடைக்கும். சோடாவை விற்றுக்கொண்டே ஓரக்கண்ணால் ஆட்டத்தைப் பார்ப்பான். கூட்டம் கலைந்ததும் அதே மண்ணில் வெறுங்காலோடு பந்தை விரட்டுவான்.

அந்தக் காலத்தில் கேரள போலீஸில் ஓர் உயர் அதிகாரி இருந்தார். எம்.கே. ஜோசப். டி.ஜி.பி.யாக இருந்தவர். திருடனைப் பிடிப்பதோடு நல்ல பந்தாட்டக்காரனைப் பிடிப்பதிலும் அவருக்கு ஆசை. 17 வயசு விஜயனைப் பிடித்து போலீஸ் அணியில் போட்டார். வி.பி. சத்யன், ஷரஃபலி, பாப்பச்சன் என்று ஒரு பட்டாளமே அந்த அணியில் இருந்தது. கான்ஸ்டபிள்கள் ஆடும் அணிதானே என்று அலட்சியமாக வந்த பெரிய கிளப்புகள் எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு போயின. 1990-ல் ஃபெடரேஷன் கோப்பை. இறுதி ஆட்டம் திருச்சூரிலேயே. கோவாவின் சால்கோகரை 2-1 என்று தோற்கடித்துக் கேரள போலீஸ் கோப்பையைத் தூக்கியது. எந்த ஊரில் சோடா விற்றாரோ அதே ஊரில்! அடுத்த வருஷமும் கோப்பை போலீஸுக்கே.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 22 வயசு. போலீஸ் உத்தியோகம். மாதச் சம்பளம், பென்ஷன், சீருடை. அம்மா இனி குப்பை பொறுக்க வேண்டாம். நம் வீடுகளில் இதற்கு மேல் ஒரு பையன் எதற்கும் ஆசைப்பட விடுவோமா?

1991-ல் கல்கத்தாவிலிருந்து மோகன் பகான் கூப்பிட்டது. விஜயன் உத்தியோகத்தை விட்டுவிட்டுப் போனார்.

"வேலையை விட்டுட்டா?" என்றாள் அக்கா. நடுவில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அவளும் கதைக்குள் வந்திருந்தாள். "போலீஸ் வேலையையா? அவங்க அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

கல்கத்தா என்றால் சாதாரணமில்லை. 1997 ஜூலையில் அங்கே மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஒரு ஃபெடரேஷன் கோப்பை அரை இறுதிக்கு வந்த கூட்டம் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல். நம்ம ஊர்ப் பக்கம் தர்கா கந்தூரிக்கும் தேர்த் திருவிழாவுக்கும் வருகிற கூட்டத்தையெல்லாம் ஒரே இடத்தில் உட்கார வைத்துக் கத்தச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த மாதிரிக் கூட்டத்தின் நடுவில் விஜயன் 'காலோ ஹரிண்' ஆனார். கறுப்பு மான் என்று அர்த்தம். ஓட்டத்தைப் பார்த்து வைத்த பெயர்.

நடுவில் போலீஸ் அணிக்கே திரும்பி வந்தார். மறுபடியும் மோகன் பகான். அப்புறம் பஞ்சாபில் ஜே.சி.டி. மில் அணி. 1996-97-ல் முதல் முதலாக நடந்த தேசிய லீக்கில் ஜே.சி.டி. சாம்பியன். அந்த அணியில் இவரும் பாய்ச்சுங் பூட்டியாவும் ஜோடி. 1993, 1997, 1999 என்று மூன்று தடவை இந்தியாவின் சிறந்த வீரர் விருது. 1999-ல் காட்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராக ஒரு கோல். எத்தனையாவது நிமிஷத்தில் தெரியுமா? நிமிஷம் எங்கே வந்தது? 12-வது வினாடியில்! சர்வதேச ஆட்டங்களில் போடப்பட்ட மிக வேகமான கோல்களில் அது ஒன்று. நாம் சீட்டைத் துடைத்துவிட்டு உட்காருவதற்குள் ஸ்கோர் 1-0.

2003-ல் ஐதராபாத்தில் ஆப்ரோ-ஆசிய விளையாட்டுப் போட்டி. 34 வயசில் நாலு கோல் அடித்து அந்தப் போட்டியிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார். இந்தியாவுக்கு வெள்ளி. இந்திய பனியனை அத்தோடு கழற்றினார். அதே வருஷம் அர்ஜுனா விருது. 2006-ல் கிளப் ஆட்டத்தையும் நிறுத்திக்கொண்டார்.

மருமகன் போஸ்டரில் இருந்த ஸ்வீடன்காரரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

தேய்மானம் என்றொரு பாடம்

இப்போது நான் பி.காம். ஆகவேண்டிய நேரம்.

அக்கவுண்டன்ஸியில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. லாரி வாங்கினால் அதன் மதிப்பு வருஷா வருஷம் குறையும். ஒரே அளவாகக் குறைந்தால் அது நேர்க்கோட்டு முறை. மீதி இருக்கிற மதிப்பில் சதவீதம் போட்டுக் குறைத்தால் குறைந்துசெல் மதிப்பு முறை. பந்தாட்டக்காரனின் கால் இந்த இரண்டு முறையிலும் சேராது. இன்றைக்குப் புதுசு மாதிரி ஓடும். நாளைக்கு ஒரு முழங்கால் போனால் மதிப்பு பூஜ்யம். ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களுக்கும் எனக்கும் 35 வயசில்தான் புரமோஷன் பேச்சே ஆரம்பிக்கும். கோல் அடிக்கிறவனுக்கு அந்த வயசில் பிரிவு உபசாரம். அதற்கப்புறம் இருக்கிற முப்பது, நாற்பது வருஷத்துக்கு என்ன வழி?

அவன் ஆடுகிற கிளப் நிற்குமா என்றும் பார்க்க வேண்டும். 'தொடர்ந்து நடக்கும் நிறுவனம்' என்ற அனுமானத்தில்தான் எல்லாக் கணக்கும் எழுதுகிறோம். இந்தியக் கால்பந்தில் அந்த அனுமானமே ஆட்டம் காணும். 1997-ல் எஃப்.சி. கொச்சின் என்று ஒரு கிளப் தடபுடலாகப் பிறந்தது. விஜயன் அதில் சேர்ந்தார். முதல் வருஷமே டூராண்ட் கோப்பை. ஊர் முழுக்க அமர்க்களம். அதே அணியில் இன்னொரு விஜயனும் இருந்தார். நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன். 1997-98 தேசிய லீக்கில் 10 கோல் போட்டு அந்த வருஷத்தின் முதல் கோல்காரர் அவர்தான். இத்தனை இருந்தும், சில வருஷத்தில் பணம் வற்றி, சம்பள பாக்கி ஏறி, 2002-ல் கிளப்புக்கு மங்களம் பாடிவிட்டார்கள். மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2010-ல் மூடப்பட்டது. தேசிய லீக்கின் முதல் சாம்பியன் ஜே.சி.டி. 2011-ல் கலைந்தது. எல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2025-ல் ஐ.எஸ்.எல். போட்டி குறித்த காலத்தில் தொடங்காமல் தள்ளிப்போனபோது, சில கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன.

"பாத்தியா, பாத்தியா! உங்கப்பா சொன்னது சரிதானே?" என்றாள் அக்கா. மருமகன் முகம் சுண்டிப்போயிற்று.

இன்னொருவரைப் பற்றியும் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டால் என் கணக்கு பொய்க்கணக்கு ஆகிவிடும்.

வி.பி. சத்யன். அதே கேரள போலீஸ் அணி. இந்தியாவின் கேப்டனாக இருந்த தடுப்பாட்டக்காரர். விஜயனை விட நாலு வயசு மூத்தவர். பிற்பாடு சென்னைக்கு வந்து இந்தியன் வங்கியில் சேர்ந்தார். வங்கி உத்தியோகம் இருந்தது. மாதச் சம்பளம் இருந்தது. ஆனால் காயங்கள் காலை விட்டுப் போகவில்லை. மனச்சோர்வும் சேர்ந்துகொண்டது. 2006 ஜூலையில், 41-வது வயசில், சென்னையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 2018-ல் அவர் கதையை 'கேப்டன்' என்று மலையாளத்தில் படமாக எடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது நம் சென்னையில் எத்தனை பேர் அவரை அடையாளம் கண்டு ஒரு வணக்கம் சொல்லியிருப்போம்?

திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்கா கீரை ஆய்வதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"அப்ப அந்த விஜயன் என்ன ஆனாரு மாமா?" என்றான் மருமகன், குரல் இறங்கி.

"அதுதான் மாப்ளே கணக்குல முக்கியமான வரி. அவரு திரும்பி போலீஸுக்கே போனாரு."

உண்மை. ஆட்டத்தை நிறுத்தியபின் விஜயன் கேரள போலீஸில் மறுபடி பணியில் சேர்ந்தார். நடுவில் 2000-ல் ஜெயராஜ் இயக்கிய 'சாந்தம்' என்ற மலையாளப் படத்தில் கதாநாயகனாக நடித்திருந்தார். அந்தப் படத்துக்குச் சிறந்த படத்துக்கான தேசிய விருது. அப்படித்தான் சினிமாக்காரர்கள் கண்ணில் பட்டார். ஒரு பக்கம் அரிவாள், ஒரு பக்கம் லத்தி. மலப்புரத்தில் போலீஸ் கால்பந்து அகாடமியின் பொறுப்பைக் கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதே வருஷம் ஏப்ரல் கடைசியில், 56 வயசில், மலபார் ஸ்பெஷல் போலீஸில் துணை கமாண்டன்டாக ஓய்வு பெற்றார்.

அக்கா வாயைப் பிளந்தாள். "அந்த 'திமிரு' படத்து வில்லனா? போலீஸ் ஆபீசரா ரிட்டயர் ஆனாரு?"

"ஆமா."

"நல்லாயிருக்குடா கூத்து. இங்க போலீஸா நடிக்கிறவன் எல்லாம் அரசியலுக்குப் போறான். வில்லனா நடிச்ச மனுஷன் நிஜமாவே போலீஸா இருந்திருக்காரு!"

சாயங்கால ஆட்டம்

கணக்கைப் பேப்பரில் மட்டும் போட்டால் போதாது, சரக்கை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள். ஐந்து மணிக்கு மருமகனோடு கிளம்பினேன்.

அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த ஒரு வயல். தாளடியை மழித்துவிட்டு, சவுக்குக் கம்பு நட்டு கோல் போஸ்ட். பக்கத்தில் வாய்க்கால். அதில் தண்ணீர் இல்லை, பந்து விழுந்தால் எடுக்கலாம். கடற்கரைப் பக்கமிருந்து காற்று அடிக்க, அதைக் கணக்குப் பண்ணித்தான் பந்தைத் தூக்க வேண்டும். பாதிப் பையன்கள் காலில் பூட்ஸ் இல்லை. டெல்டாவின் இந்தக் கடலோர ஊர்களில் பந்து என்றால் கால்பந்துதான். கோடை வந்தால் எழுவர் கால்பந்துத் தொடர் என்று போஸ்டர் ஒட்டி, ராத்திரியில் விளக்குப் போட்டு ஆடுவார்கள். மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் ரொக்கப் பரிசுக்குப் பணம் அனுப்புவார்கள். பரிசு கொடுக்க ஆள் உண்டு. பையன்களில் ஒருவனை மேலே தூக்கிவிட எம்.கே. ஜோசப் மாதிரி ஆள்தான் இல்லை.

மருமகன் ஆடினான். நான் தாய்மாமன், என் பேச்சை நீங்கள் நம்ப வேண்டாம். எனக்குப் பந்து தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. மற்ற பையன்கள் பந்து போன இடத்துக்கு ஓடினார்கள். இவன் பந்து வரப்போகிற இடத்தில் நின்றான். அரை மணி நேரத்தில் மூன்று கோல். மூன்றிலும் அவன் காலில் பந்து இரண்டு வினாடிக்கு மேல் தங்கவில்லை. வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க மூன்று தடவை கூப்பிட வேண்டிய பயலா இவன் என்று இருந்தது.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். "மாப்ளே, செலக்ட் ஆகலேன்னா?"

"ஆகலேன்னா துபாய் போறேன் மாமா. ஆடிப் பாக்காமப் போனா, அங்க ஸ்டோர்ல உக்காந்து நட்டு போல்ட்டு எண்ணும்போதெல்லாம் இதையே நினைச்சுக்கிட்டிருப்பேன்."

இருபது வயசில் எனக்கும் ஏதோ ஓர் ஆசை இருந்தது. அது என்ன என்பதைவிட, அதை நான் யாரிடமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்பதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஐந்தொகை

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் துபாய்க்கு வீடியோ கால். போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, அத்தான் முகத்துக்கு நேராக மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"என்னப்பா, கணக்குப் போட்டியா? பந்து சோறு போடுமா?" என்றார்.

"போடாது அத்தான்" என்றேன். மருமகன் என்னைத் துரோகி மாதிரி பார்த்தான். "பந்து நேரடியா சோறு போடாது. சோறு இருக்கிற இடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போவும். ஆனா திரும்பி வர்றதுக்கு ஒரு வாசலைத் திறந்து வச்சுட்டுப் போவணும். அந்த வாசல் இருந்தா பந்தும் லாபம்தான்."

அப்புறம் மூன்று நிபந்தனை சொன்னேன். ஆபீஸில் இருந்துகொண்டு தம்பியையோ மகனையோ மைதானத்துக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று, டிகிரி. காஸ்ட் அக்கவுண்டிங் அரியரை அடுத்த தடவையே முடிக்க வேண்டும். கால் போனாலும் பட்டம் போகாது.

இரண்டு, சான்றிதழ். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ரயில்வே, வங்கி, துறைமுகம் என்று சென்னையில் அணி வைத்து ஆடிய அலுவலகங்களும் உண்டு. ஆனால் ஊர் எழுவர் போட்டியில் வாங்கிய ஆளுயரக் கோப்பையை அங்கே தூக்கிக்கொண்டு போனால் வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். பல்கலைக்கழகம், மாநிலம், தேசியம் என்று அங்கீகாரம் பெற்ற போட்டியின் காகிதம்தான் செல்லும். எந்தப் போட்டிக்கு மதிப்பு என்று முதலிலேயே விசாரித்துவிட்டு ஆட வேண்டும்.

மூன்று, கெடு. மூன்று வருஷம். அதற்குள் ஒரு பிடிமானம் கிடைக்கவில்லை என்றால், முணுமுணுக்காமல் அப்பா சொல்கிற விமானத்தில் ஏற வேண்டும்.

"நம்ம ஆளுங்க யாராவது இப்படி மேல வந்திருக்காங்களா? சும்மா கேரளாக்காரனையே சொல்றியே" என்றார் அத்தான். பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் இருப்பவர், சாட்சி இல்லாமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சொன்னேன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல், 1960-ல் ரோம் நகரத்தில் பெரு நாட்டுக்கு எதிராக. அடித்தவர் தமிழ்நாட்டுக்காரர், சைமன் சுந்தர்ராஜ். கேரளா முதல் முதலாக சந்தோஷ் டிராபி ஜெயித்தது 1973-ல். அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவரும் அதே சைமன் சுந்தர்ராஜ்தான். கேரளாக்காரனுக்குக் கோப்பை வாங்கக் கற்றுக்கொடுத்தவரே நம்ம ஊர் ஆள். நாம்தான் மறந்துவிட்டோம்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். நெட்வொர்க் போய்விட்டதோ என்று மருமகன் போனைத் தட்டினான். நெட்வொர்க் இருந்தது.

"எனக்கு ஒண்ணுதான் பயம்" என்றார் அத்தான் மெதுவாக. "நான் இங்க வெயில்ல கருகுனது அவன் நிழல்ல உக்காரணும்னுதான். அவன் திரும்பவும் வெயில்லதான் ஓடுவேன்கிறானே."

இதற்கு எந்த அக்கவுண்டன்ஸி புத்தகத்திலும் பதில் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். பதில் சொன்னது அக்கா.

"அந்த விஜயனோட அம்மாவைத்தான் காலையிலேர்ந்து நினைச்சுக்கிட்டு இருக்கேன். குப்பை பொறுக்கின பொம்பளை. 'நீயும் வந்து பொறுக்குடா'ன்னு கூப்பிட்டிருந்தா அன்னிக்கு நாலு காசு கூட வந்திருக்கும். கூப்பிடாம ஆட விட்டுருக்கு பாருங்க. அது போட்ட கணக்கு என்னமோ, அதையே நானும் போட்டுக்கிறேன். இவன் போவட்டும். விசா திரும்ப வரும். இருபது வயசு திரும்ப வராது."

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "சரி. பூட்ஸ் என்ன விலைன்னு கேட்டுச் சொல்லு. இங்கேர்ந்து ஆள் வருது, குடுத்து விடறேன்."

வியாழக்கிழமை ராத்திரி சென்னை பஸ்ஸுக்கு மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோறு ஒரு பையில், சான்றிதழ் ஃபைல் ஒரு பையில், காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் என் கையில். பயல் அதை வேண்டுமென்றே திண்ணையில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தான்.

பஸ் வர நேரம் இருந்தது. கடையில் ஆளுக்கொரு சோடா வாங்கினோம். குடித்து முடித்துவிட்டு மருமகன் பாட்டிலைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ஒரு பாட்டிலுக்குப் பத்துப் பைசாவா?"

"ஆமாடா. பத்துப் பைசா."

கடைக்காரர் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "தம்பி, பாட்டிலைக் கையில குடுங்க. கால்கிட்ட வச்சு உதைச்சுடாதீங்க!"

"உதைக்கத்தாங்க அவன் மெட்ராஸ் போறான்" என்றேன் நான்.